நாலாம் கவுன்ட்டரின் கைராசி

மேசைக்கு அடியில் உட்கார்ந்து பார்க்கிறவனுக்கு உலகத்தில் முழங்காலுக்கு மேலே ஒன்றும் கிடையாது, எல்லாம் கால்தான், வெடித்த குதிகால், மருதாணி மங்கின குதிகால், செருப்பைக் கழற்றிப்போட்டுவிட்டு இன்னொரு காலைச் சொறிகிற கால், என்று பூதலிங்கம் நினைத்துக்கொண்டார். ஐம்பதை நெருங்குகிற உடம்பை நாலாக மடித்து, நாலாம் கவுன்ட்டரின் பில் மேசைக்கு அடியில், மடியில் லேப்டாப்பும் தலைக்கு நேர்மேலே கல்லாப்பெட்டியின் அடிப்பலகையுமாக, கடையின் கம்ப்யூட்டர் லைன்களைப் பார்த்துக்கொள்கிற அவர் உட்கார்ந்திருந்தார். மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகு கூட்டம் சற்று அசருகிற நேரம் என்று பேர்தான். திருநெல்வேலியில் அந்த ஜவுளிக்கடைக்குத் தீபாவளிக்கு முந்தி வருகிற கூட்டத்தைச் சொன்னால் வெளியூர்க்காரன் நம்பமாட்டான். தரைத்தளத்தில் கைலி எடுக்க நுழைந்த ஒரு மனிதரை நெரிசல் அப்படியே தூக்கிக்கொண்டு போய், அவர் கால் ஒரு படியிலும் படாமல், மூன்றாம் மாடிப் பட்டுப் பிரிவில் இறக்கிவிட்டது. வெளியே வந்து விழும்போது அவர் கையில் ஒரு கூறைச்சேலை இருந்தது, அது யாருக்கு என்று வீட்டில் இன்றைக்கு வரைக்கும் விசாரணை முடியவில்லை. அப்பேர்ப்பட்ட கடையில் பில் நிற்கக்கூடாது. நின்றால் வரிசை நிற்கும், வரிசை நின்றால் வாசல் நிற்கும், வாசல் நின்றால் முதலாளியின் மூச்சு நிற்கும். மற்ற கவுன்ட்டர்களில் பில் ஓடிக்கொண்டுதான் இருந்தது. நாலாம் கவுன்ட்டர் மட்டும் இழுத்தது. காலையில் முதலாளி கூப்பிட்டு, “சாயங்காலம் விளக்கு வைக்கதுக்குள்ள ஒரு வார்த்த சொல்லும்வே பூதம். லைன் பழுதா, பிள்ள பழுதா” என்று கேட்டிருந்தார். பிள்ளை என்றால் முப்பிடாதி, நாலாம் கவுன்ட்டரில் பில் போடுகிற பெண். இப்போது பூதலிங்கத்தின் மூக்குக்கு முன்னால் நிற்கிற இரண்டு கால்கள் அவளுடையவை. இடது குதிகாலில் செருப்பு கடித்த இடத்தில் ஒரு பிளாஸ்டர். வலது கால் பாரத்தை இடது காலிடம் கொடுக்கும், இடது கால் கொஞ்சம் வைத்திருந்துவிட்டுத் திருப்பிக் கொடுக்கும். இரண்டு கால்களும் எவ்வளவு ஒற்றுமையாக வேலையைப் பங்கு போட்டுக்கொள்கின்றன, ஒன்று சோர்ந்தால் ஒன்று தாங்குகிறது, இதற்குத்தானே நாங்கள் எங்கள் தொழிலில் ஏகப்பட்ட செலவு பண்ணுகிறோம் என்று நினைத்தார், நினைத்துவிட்டு, சாயங்காலம் இந்தக் கால்கள் எந்தப் பக்கம் நடக்கும் என்ற இடத்தில் முட்டிக்கொண்டு நினைப்பு நின்றது.

லைன் பழுது இல்லை என்று அவர் சொன்னால் அவள் போகவேண்டும். அதுவும் வெறுமே போவதல்ல. ஆயுதபூசை அன்றைக்கு வந்த வினை இது. நாலாம் கவுன்ட்டரில் இருந்த பழைய கம்ப்யூட்டர் கிழடு தட்டிப்போய் உயிரை விட, புதிதாக ஒன்று வந்து இறங்கியது. அதற்குச் சந்தனம், குங்குமம், மாலை எல்லாம் சாத்தி, முதல் பில்லை யார் போடுவது என்று யோசித்து, மேலே குழந்தைத் துணிப் பிரிவில் நின்ற முப்பிடாதியை முதலாளிதான் கூட்டிவரச் சொன்னார். அம்மன் பேரு, சிரிச்ச முகம், கை வைக்கட்டும் என்றார். அவளும் கை வைத்தாள். அந்த முதல் பில் வெளியே வருவதற்குள் சூடம் எரிந்து அணைந்து தட்டு ஆறிப்போய், பூசைக்கு வந்த ஐயர் அடுத்த கடைப் பூசையையும் முடித்துவிட்டுத் திரும்பி வந்து “இன்னும் வரலையா” என்று கேட்டார் என்பது கடையில் வழங்குகிற செய்தி. அன்றிலிருந்து கவுன்ட்டர் இழுவைதான். தரைத்தளத்து சூப்பர்வைசர் தளவாய் உடனே தீர்ப்புச் சொல்லிவிட்டான், கைராசி இல்லை. ஜவுளிக்கடையில் திருட்டுப் பட்டம் வாங்கினவனுக்குக்கூட அடுத்த தெருவில் வேலை கிடைத்துவிடும். ராசியில்லாத கை என்று பேர் விழுந்தால் முடிந்தது. அந்தப் பேர் அவளுக்கு முந்தியே பஸ் ஏறி, தென்காசியிலும் சங்கரன்கோவிலிலும் இறங்கி, கடை கடையாக நுழைந்து, அவள் போய்ச் சேரும்போது வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருக்கும். பூதலிங்கத்துக்கு இது தெரியும். தெரிந்தும், முதலாளி கேட்டபோதெல்லாம், ஐந்தாம் மாடியில் குளுகுளு அறையில் இருந்தபடியே, திரையில் வரிசையாக எரிகிற பச்சைப் பொட்டுகளைப் பார்த்து, “லைன் சுத்தமா இருக்கு முதலாளி” என்று போனில் சொன்னவர் அவர்தான். சுத்தமாகத்தான் இருந்தது. பச்சை என்றால் பச்சைதானே.

இப்போதும் பச்சைதான். பிங் போட்டுப் பார்த்துக்கொண்டிருந்தார். பிங் என்பது பெரிய வித்தை ஒன்றும் இல்லை. இருக்கியா என்று ஒரு சின்னக் குரல் போகும், இருக்கேன் என்று அதே அளவுக்கு ஒரு குரல் திரும்பும், கதை சொல்கிறவனுக்குக் கேட்கிறவன் ம் கொட்டுவது போல. இருக்கியா, ம். இருக்கியா, ம். ஒரு ம்கூடத் தவறவில்லை, ஒன்றுகூடத் தாமதமில்லை. இவ்வளவு அழகாக ம் கொட்டுகிற ஒரு கேபிளை எப்படிச் சந்தேகப்படுவது. அவருக்குத் தன் நெட்வொர்க்கைப் பற்றி ஒரு கர்வம் உண்டு, இல்லாமல் எப்படி. முன்னே ஒரு தடவை ஊருக்கே இன்டர்நெட் போனபோது இந்தக் கடையில் மட்டும் போகாது என்று மார்தட்டினார், ஏனென்றால் இரண்டு கம்பெனிகளிடம் இரண்டு லைன் வாங்கி வைத்திருந்தார், ஒன்று போனால் ஒன்று. அன்றைக்கு இரண்டும் சேர்ந்து போயிற்று. தேடிக்கொண்டு போய்ப் பார்த்தால் இரண்டு கம்பெனிக்காரனும் ஒரே தென்னை மரத்தில் கேபிளைக் கட்டியிருந்தான், மரத்துக்காரர் தேங்காய் பறிக்க ஏறினவர் இடைஞ்சலாக இருக்கிறதென்று இரண்டையும் ஒரே வெட்டில் இறக்கிவிட்டு, இளநீர் வேணுமா என்று கேட்டார். அதற்கப்புறம் அவர் இரண்டு லைன் என்பதை நம்புவதில்லை, இரண்டு மரம் இருக்கிறதா என்று பார்ப்பார். இன்னொரு தடவை பூசைப் பொரியும் கடலையும், எல்லாக் கம்ப்யூட்டர் கேபிளும் வந்து சேருகிற ஸ்விட்ச் பெட்டிக்குள் விழுந்து, எறும்பு கூட்டம் கூட்டமாக உள்ளே போய், இரண்டாம் மாடி பில் முழுக்க நின்றது. திறந்து பார்த்தபோது எறும்புகள் ஒரு துளையில் போய் மறு துளையில் வந்துகொண்டிருந்தன, மோதாமல், முந்தாமல், வரிசை குலையாமல். அன்றைக்கு அவர் அதைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டே நின்றுவிட்டார், எந்தப் பொறியியல் கல்லூரியிலும் இதைவிட நன்றாகப் பாடம் நடத்தியிருக்க முடியாது. மரம், எறும்பு, வெயில், தூசி, தூக்கத்தில் பிளக்கைப் பிடுங்கிச் செல்போன் சார்ஜ் போடுகிற வாட்ச்மேன், எல்லாவற்றையும் ஜெயித்தாயிற்று. நன்றாக ஓடுகிற நெட்வொர்க்கை யாரும் நினைப்பதில்லை, அதுதான் அதற்கு மரியாதை. தன்னையும் யாரும் நினைக்கவில்லை என்றால் எல்லாம் நன்றாக இருக்கிறது என்று அர்த்தம். அப்படித்தான் இத்தனை காலம் ஓடிற்று. இருக்கியா, ம். பிறகு இந்தப் பிள்ளை மட்டும் ஏன் இழுக்கிறாள். கை நிஜமாகவே மெதுவோ. சிலருக்கு அப்படி இருக்குமே. ச்சே, மேலே விரல் போகிற சத்தம் கேட்கிறதே, மழைக்குத் தகரக் கூரை தட்டுகிற வேகம்.

மேலே ஒரு பெண் குரல் கேட்டது. கல்யாண ஜவுளி எடுக்க வந்த அம்மாள். பிளாஸ்டர் காலுக்கு எதிரே, மெட்டி போட்ட இரண்டு பருத்த பாதங்கள். “ஏ தாயி, பில்லு இன்னைக்கு வருமா, இல்ல பொண்ணுக்குப் பிள்ளை பொறந்த பொறவுதான் வருமா?” “இந்தா வந்துரும் எக்கா. கொஞ்சம் பொறுங்க.” “பொறுத்துப் பொறுத்துக் காலு மரமாயிட்டு. இன்னும் செத்த நேரம் நின்னா எல தளுக்க ஆரம்பிச்சிரும்.” வரிசையில் இரண்டு பேர் சிரித்தார்கள். முப்பிடாதி மேசைக்குக் கீழே குனிந்தாள், தலைகீழாக அவள் முகம் தெரிந்தது, நெற்றியில் வியர்வை மேல்நோக்கி ஓடியது. “அண்ணாச்சி, நான் என்ன சொல்ல வாரேன்னா, இந்தப் பில்லு...” “பாத்துக்கிட்டுத்தான இருக்கேன். லைன்ல ஒண்ணும் இல்ல. நீ பில்லப் போடும்மா” என்றார் பூதலிங்கம். முகம் மறைந்துவிட்டது. ஒருவழியாகக் கல்யாண பில் நகர்ந்து வெளியே வந்தது. அடுத்து ஒரு ஆள், பேண்ட்டும் ஷூவும், ஒரே ஒரு கைக்குட்டை. கண் மூடித் திறப்பதற்குள் பில் வந்துவிட்டது. அதைப் பார்த்துவிட்டுத் தளவாயின் கறுப்புச் செருப்பு பக்கத்தில் வந்து நின்றது. “ஏட்டி, நீ கைக்குட்டைக்குத்தான் லாயக்கு. கல்யாண ஜவுளியில கை வைக்காத, அந்தக் குடும்பம் விளங்காது. சாயங்காலம் முதலாளி கூப்பிடுவாரு, டிபன் பாக்ஸ எடுத்து வச்சுக்கோ.”  வலது கால் இடது காலிடம் பாரத்தைக் கொடுத்தது, இடது கால் வாங்கிக்கொள்ளவில்லை, இரண்டும் ஒரு நொடி எதையும் தாங்காமல் நின்றன. கைக்குட்டைக்குத்தான் லாயக்கு. என்ன பேச்சுப் பேசுகிறான் இந்தப் பயல். வாய் இருக்கிறதென்று. கைக்குட்டைக்குத்தான். பூதலிங்கம் திரையைப் பார்த்தார். இருக்கியா, ம். கைக்குட்டைக்கு. இருக்கியா, ம். கல்யாண ஜவுளிக்கு இல்லை, கைக்குட்டைக்கு மட்டும். எங்கேயோ ஒரு நூல் ஆணியில் மாட்டிக்கொண்டு இழுபட்டது. சின்ன பில் பறக்கிறது. பெரிய பில் இழுக்கிறது. கை மெதுவானால் இரண்டும்தானே மெதுவாக வேண்டும். கைக்குட்டை. நான் போட்டுக்கொண்டிருக்கிற பிங்கும் கைக்குட்டைதான். இத்தனை நாளும் கைக்குட்டையை அனுப்பி அனுப்பிப் பார்த்துவிட்டு, பட்டுச்சேலை போகும் என்று சத்தியம் பண்ணிக்கொண்டிருந்திருக்கிறேன்.

பிங்கைப் பெரிதாக்கினார். பெரிய பொட்டலங்களாக, ஓயாமல், இரண்டு பக்கமும் ஒரே நேரத்தில் ஓடுகிற மாதிரி அனுப்பிப் பார்த்தார். ம் இல்லை. பிறகு ஒரு ம். பிறகு இல்லை, இல்லை, ஒரு ம், இல்லை. சட்டைக்குள் வியர்வை ஒரு கோடாக இறங்கியது. பெரிய சுமை வந்தால் வழியில் கொட்டிவிடுகிறது, கொட்டினதை மறுபடி அனுப்புகிறது, அதையும் கொட்டுகிறது. ஏன். கேபிள் நல்ல கேபிள். கம்ப்யூட்டர் புதுக் கம்ப்யூட்டர். புது. அந்த வார்த்தையில் மனசு வழுக்கி விழுந்தது, விழுந்த இடத்தில் பழைய கம்ப்யூட்டர் கிடந்தது. பழசு பிடிவாதக்காரக் கிழடு. ஸ்விட்ச் என்ன சொன்னாலும் அதற்கு விளங்காது. அதனால் மேலே ஸ்விட்சில் நாலாம் கவுன்ட்டர் கேபிள் செருகின அந்த ஒரு துளைக்கு மட்டும், எதையும் பேசி முடிவு பண்ணவேண்டாம், இரண்டு பேரும் ஒரே நேரத்தில் பேசலாம், கேட்கலாம், இதுதான் முறை என்று கையால் எழுதிக் கட்டிவைத்தார். யார் கையால். இந்தக் கையால். கிழட்டிலும் அதையே எழுதி வைத்தார், இரண்டும் ஒத்துப்போயின. கிழடு போய்விட்டது. புதுசு வந்தது. புதுசு நல்ல வளர்ப்பு, வந்ததும் எதிர்ப்பக்கத்திடம் எப்படிப் பேசிக்கொள்ளலாம் என்று கேட்டிருக்கும். எதிர்ப்பக்கம் பதிலே சொல்லியிருக்காது, அதுதான் கட்டிப்போட்டாயிற்றே. பதில் வராவிட்டால் புதுசு என்ன பண்ணும், பாவம், மரியாதையாக ஒதுங்கிக்கொள்ளும், சரி, நீங்கள் முடித்ததும் நான் பேசுகிறேன் என்று. அவ்வளவுதான். ஒரு பக்கம் எதிராளி பேசும்போதும் தான் பேசிக்கொண்டே இருக்கிறது. மறு பக்கம் எதிராளி நிறுத்தினால்தான் வாயைத் திறக்கிறது, திறந்த உடனே இது குறுக்கே விழுகிறது, அது சொல்ல வந்ததை விழுங்கிவிட்டு மறுபடி காத்திருக்கிறது. ஒரு ம் சொல்கிற இடைவெளி கிடைக்கும். ஒரு முழுப் பேச்சுக்குக் கிடைக்காது. வெளியே இருந்து பார்க்கிறவனுக்கு இரண்டு பேரும் நன்றாகப் பேசிக்கொண்டிருப்பதாகத்தான் தெரியும். பச்சையாக எரியும்.

கோமதி. ஏன் இப்போது கோமதி ஞாபகம் வருகிறாள். வீட்டில் மனைவி. அவள் பேசினால் கம்மல் ஆடும், அப்படி ஆடிப் பார்த்து எவ்வளவு காலம். காலையில் தோசை வைத்துவிட்டு எதிரே உட்கார்ந்து, “ஒண்ணு சொல்லணும்” என்றாள். சொல்லு என்றுதான் சொன்னார். “எங்க அம்மைய நெனச்சா...” என்று ஆரம்பித்தாள், அவர் அதற்குள், உங்க அம்மைக்கு என்ன, மாத்திரை வாங்கிக் கொடுத்தாச்சு, உங்க அண்ணன் பாத்துக்கிடுவான், இந்தத் தீவாளி முடியட்டும், என்று தொடங்கி நாலாம் கவுன்ட்டர் வரைக்கும் வந்து முடித்தார். முடித்தபோது அவள் தட்டை எடுத்துக்கொண்டிருந்தாள். சரிதானே என்று கேட்டார். ம் என்றாள். நெட்வொர்க்கில் மோதல் நடந்தால் ஒதுங்குகிற பக்கம் கொஞ்ச நேரம் காத்திருந்துவிட்டு மறுபடி முயற்சி பண்ணும். மறுபடி மோதினால் அதைவிட அதிக நேரம் காத்திருக்கும். மறுபடியும் மோதினால் இன்னும் அதிகம். இது அந்தத் தொழில்நுட்பத்தின் நாகரிகம், அவர் பயிற்சிக்கு வருகிறவர்களுக்குச் சிரிக்கச் சிரிக்கச் சொல்லிக்கொடுத்திருக்கிறார். கல்யாணமான புதிதில் கோமதி சொல்ல வந்ததை அவர் குறுக்கே விழுந்து கெடுத்தால், அடுப்படிக்குப் போய்விட்டு வந்து மறுபடி ஆரம்பிப்பாள். பிறகு மறுநாள் ஆரம்பித்தாள். பிறகு நல்லநாள் பொல்லாநாள் பார்த்து ஆரம்பித்தாள். காலையில் ஆரம்பித்தது எதற்கப்புறம் ஆரம்பித்தது. இதற்கு முந்தி அவள் ஒண்ணு சொல்லணும் என்றது எப்போது. தேடிப் பார்த்தார், கிடைக்கவில்லை. எல்லாம் ம்மாகவே இருந்தது. வீடு சண்டை சச்சரவு இல்லாத வீடு என்று ஊரில் பேர், அவரும் அதை நம்பி எத்தனையோ கல்யாண வீட்டில் காலை நீட்டி உட்கார்ந்து புத்தி சொல்லியிருக்கிறார். எந்த அளவுக்குப் போயிருக்கும் அவளுடைய காத்திருப்பு. இனி அடுத்த தடவை எப்போது.  இங்கே ஒருத்தியின் பிழைப்பு போகிறது, நீ எங்கே போய்க்கொண்டிருக்கிறாய் என்று தன்னையே அதட்டித் திரைக்குக் கொண்டுவந்தார்.

சரி பண்ணுவது ஒரு கட்டளை. கட்டிவைத்த கயிற்றை அவிழ்த்து, நீங்களே பேசி ஒரு முறைக்கு வாருங்கள் என்று இரண்டு பக்கத்திடமும் விட்டுவிட்டால் தீர்ந்தது. ஆனால் முதலாளி. லைன் சுத்தமா இருக்கு முதலாளி, லைன் சுத்தமா இருக்கு முதலாளி, ஒவ்வொரு தடவையும் இதே ராகம். அந்த ஆள் கோபித்தால் பரவாயில்லை, கோபிக்கமாட்டார், மெதுவாக மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைப்பார், அதைத்தான் தாங்க முடியாது. பிறகு, பூதத்துக்கு வயசாயிட்டு என்று நாலு பேரிடம் நல்லவிதமாகச் சொல்வார். மதுரையில் இருந்து டை கட்டின பையன்களை அனுப்புகிற ஒரு கம்பெனி ஏற்கெனவே வாசலில் நின்றுகொண்டிருக்கிறது. வாயைத் திறக்காமல் சரி பண்ணிவிட்டால் என்ன. பிள்ளை நிற்கும்போதே கவுன்ட்டர் பறக்க ஆரம்பிக்கும், சாயங்காலம் முதலாளி பார்ப்பார், ராசி திரும்பிவிட்டது என்பார், ஒருவேளை தேங்காய்கூட உடைப்பார். அவளும் பிழைப்பாள், நாமும் பிழைப்போம். யாருக்கு நஷ்டம். ஒருத்தருக்கும் நஷ்டமில்லாத காரியத்தைச் செய்ய எதற்கு இத்தனை யோசனை. மேலே யாரோ யாரையோ டீக்குப் போகச் சொல்கிற சத்தம் காதில் விழுந்தும் விழாமலும் போயிற்று. அவர் கட்டளையை அடித்தார். திரையில் ஸ்விட்சின் அந்தத் துளைக்கான பச்சைப் பொட்டு ஒரு கணம் அணைந்து, மறுபடி எரிந்தது. பெரிய பொட்டலங்களை அனுப்பினார். ம், ம், ம், ம். சிரிப்பு வந்தது. நிமிர்ந்து பார்த்தார். பிளாஸ்டர் போட்ட குதிகாலைக் காணோம். அந்த இடத்தில் கொலுசு போட்ட வேறு இரண்டு கால்கள் நின்றன. தலைக்கு மேலே பில் மெஷின் கிழித்துக்கொண்டு ஓடியது, ஒரு கல்யாண வீட்டுக்கான நீளமான பில், வழவழவென்று. தளவாயின் கறுப்புச் செருப்பு ஓடிவந்தது. “முதலாளி, பாத்தியளா. முப்பிடாதிய டீக்கு அனுப்பிட்டு அந்தோணியம்மாள நிப்பாட்டினேன். கை மாறின நிமிசமே பில்லு பறக்கு. நான் அன்னைக்கே சொன்னேன்லா.” கூட்டத்தில் ஒரு கிழவர், “அது ராசிதான் வேய், எங்க மாட்டுத் தொழுவுல இப்பிடித்தான்” என்று ஆரம்பித்தார். மேசைக்கு அடியில் பூதலிங்கத்தின் சிரிப்பு முகத்திலேயே காய்ந்துபோய் ஒட்டிக்கொண்டது. அவளைக் காப்பாற்ற அவர் போட்ட கட்டளை, ஒரு நிமிஷம் தப்பி விழுந்து, அவள் கழுத்தில் கயிற்றை இறுக்கியிருந்தது. வெளுத்த வேட்டிக் கரையும் கட்டை விரல் நகம் கறுத்த இரண்டு கால்களும் நிதானமாக வந்து நின்றன. முதலாளி குனியவில்லை, மேசையோடு பேசினார். “என்னவே பூதம். லைன் எப்படி இருக்கு?”

நன்றாக இருக்கிறது. இப்போது உண்மையிலேயே நன்றாக இருக்கிறது. அதே வார்த்தையைச் சொல்லலாம், ஒரு எழுத்துக்கூடப் பொய் இல்லை, சொன்னால் அதைப்போல ஒரு பொய் கிடையாது. லைன் சுத்தமா இருக்கு முதலாளி. நாக்கு பழக்கத்தில் அதை எடுத்து வைத்துக்கொண்டு நின்றது. அவர் எழுந்தார், எழுந்த வேகத்தில் கல்லாப்பெட்டியின் அடிப்பலகையில் மண்டை முட்டி உள்ளே சில்லறை அத்தனையும் ஒரு குலுங்கு குலுங்கியது. தலையைத் தடவிக்கொண்டு கூட்டத்துக்கு நடுவே முளைத்தார். “இப்பதான் சரியாச்சு முதலாளி. இதுவரைக்கும் லைன்தான் பழுது. பிள்ளைக்கும் அதுக்கும் சம்பந்தமில்ல. பழைய கம்ப்யூட்டருக்காவ நான் ஒரு கட்டுப் போட்டுவச்சேன். புதுசு வந்த பொறவு அவுக்கணும், மறந்துட்டேன்.” தளவாய், “எதுக்கு இந்தக் கதை. அந்தப் பிள்ளைக்காவப் பரிஞ்சு பேசுதாரு” என்றான். “அந்தோணியம்மாவே நிக்கட்டும். மறுபடியும் கெடுத்துக் காட்டுதேன்” என்று பூதலிங்கம் லேப்டாப்பை மேசைமேல் வைத்துக் கயிற்றைப் பழையபடி கட்டினார். அடுத்து ஒரு பெரிய பில். அந்தோணியம்மாள் தட்டினாள், தட்டினாள், திரை அப்படியே நின்றது. வரிசை முனகியது. தொழுவத்துக் கிழவர், “இப்ப இந்தப் பிள்ளைக்கும் ராசி போயிட்டா” என்று கவலைப்பட்டார். அந்தோணியம்மாள் தளவாயைத் திரும்பிப் பார்த்து, “வேய், என் கையப் பத்தி ஒரு வார்த்த பேசும், பேசித்தான் பாரும்” என்றாள். பூதலிங்கம் கட்டை அவிழ்த்தார். பில் பறந்தது. முதலாளி மூக்குக்கண்ணாடியைக் கழற்றி, மேல்துண்டால் துடைத்தார், ஒரு கண்ணாடி, பிறகு மறு கண்ணாடி. “அப்ப நான் கேட்டப்பல்லாம் என்னத்தப் பாத்துவே சொன்னீரு?” “மேல இருந்தே சொன்னேன் முதலாளி. எறங்கி வந்து பாக்கல.” “தீவாளி முடியட்டும். ஒம்மகிட்டப் பேசணும்” என்றார் முதலாளி. அதில் என்ன இருக்கிறது என்று பூதலிங்கத்துக்குப் புரியவில்லை, கேட்கவும் இல்லை.

டீ குடித்துவிட்டு முப்பிடாதி வந்தாள். கையில் டிபன் பாக்ஸ் இருந்தது, எடுத்து வைத்துக்கொள் என்று சொன்னதை எடுத்தே வந்திருந்தாள். “ஏ பிள்ள, ஒம்மேல தப்பில்ல. எல்லாம் இந்த பூதம் பண்ணுன வேல. போய் நில்லு” என்றார் முதலாளி. அந்தோணியம்மாள் விலகி இடம் விட்டாள். முப்பிடாதி மேசைக்குப் பின்னால் போகவில்லை. பூதலிங்கத்தின் எதிரே வந்து நின்றாள், நேரான முகம், தலைகீழாக இல்லாமல் இப்போதுதான் அதைப் பார்க்கிறார், அழுதுவிட்டுக் கழுவின முகம். “அண்ணாச்சி, மொத நாளே நான் ஒங்களுக்குப் போன் போட்டேன்” என்றாள். “அதாவதும்மா, அன்னைக்கு என்ன ஆச்சுன்னா...” என்று தொடங்கிய அவர் வாய் தானாகத் திறந்ததைக் கண்டு பயந்து அதை மூடினார். மூடியிருப்பது கடினமாக இருந்தது, மூக்கில் தும்மலை அடக்குகிற வேதனை. “எல்லாம் பச்சையா இருக்கு, போன வச்சிரும்மான்னிய. மறுநா வந்து மாடிப்படியில நின்னேன், நீங்க போன்ல பேசிக்கிட்டே எறங்கிப் போனிய. எங்க அம்ம என்னயக் கோயிலுக்குக் கூட்டிட்டுப் போயி, பூசாரிகிட்டக் கையக் காட்டச் சொன்னா. நானும் காட்டுனேன். தெனமும் மஞ்சத் தண்ணியில கையக் கழுவிட்டுத்தான் பஸ் ஏறுவேன். பஸ்ஸுல கம்பியப் பிடிக்கதுக்கே யோசிப்பேன், இந்தக் கை பட்டு பஸ்ஸுக்கு என்னமும் ஆயிருமோன்னு. நெசமாவே அப்பிடி நெனச்சேன் அண்ணாச்சி. எங்க அக்காளுக்குப் பிள்ள பொறந்திருக்கு, நான் இன்னும் தூக்கல.” அவள் மூச்சு வாங்கினாள். அந்த இடைவெளியில் சொல்லுவதற்கு பூதலிங்கத்திடம் சமாதானங்கள் கைவசம் குவிந்து கிடந்தன, எல்லாம் நல்ல சமாதானங்கள், ஒன்றையும் எடுக்கவில்லை. தளவாய் குனிந்து தன் செருப்பையே பார்த்தான். முதலாளி துடைத்த கண்ணாடியை மாட்டிக்கொள்ளாமல் கையிலேயே வைத்திருந்தார். மற்ற கவுன்ட்டர்களில் மெஷின்கள் ஓடின. நாலாம் கவுன்ட்டரின் வரிசை வாசல் வரைக்கும் போய், வாசலைத் தாண்டித் தெருவில் வளைந்து நின்றது, கடைசியில் நின்றவனுக்கு எதற்காக நிற்கிறோம் என்றே தெரியாது. முன்னால் நின்ற ஓர் அம்மாள் சேலைக் கட்டை இந்த இடுப்பில் இருந்து அந்த இடுப்புக்கு மாற்றிக்கொண்டு, தணிந்த குரலில், “சொல்லி முடிச்சிட்டியா தாயி?” என்று கேட்டாள்.

“இல்ல எக்கா. இன்னும் இருக்கு” என்றாள் முப்பிடாதி.